ஆடுபுலி ஆட்டப் பலகை வாங்கப் போறீங்களா? முதல்ல 23 வரை எண்ணுங்க!



போன செமஸ்டர் லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போது அப்பத்தாவுக்கு ஒரு ஆடுபுலி ஆட்டப் பலகை வாங்கிட்டுப் போனேன். விலை 1,450 ரூபாய். இன்டர்ன்ஷிப்ல வந்த முதல் காசு. கருப்பு நிறத்துல பாலிஷ் போட்ட மரப்பலகை, அதுல லேசர்ல செதுக்கின மெல்லிய கோடுகள், வெல்வெட் பைக்குள்ள பித்தளையில மூணு புலி, பதினைஞ்சு ஆடு. கடையில பார்த்ததுமே மனசு விழுந்துடுச்சு. போட்டோ எடுத்து ஹாஸ்டல் குரூப்ல போட்டேன், எல்லாரும் "செம்மடா"ன்னாங்க.

அந்தப் பலகையில எங்க அப்பத்தா ஒரு ஆட்டம்கூட முழுசா ஆடல. ஏன்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரு ராத்திரியும் ஒரு பேனாவும் தேவைப்பட்டது. அதைத்தான் இந்தக் கட்டுரையில பாடமா எழுதியிருக்கேன். வீட்டுக்கோ, பரிசா யாருக்கோ, ஹாஸ்டல் ரூமுக்கோ இந்த ஆட்டத்தை வாங்க நினைச்சா, இதைப் படிச்சிட்டு வாங்குங்க. பேப்பரும் பென்சிலும் பக்கத்துல இருந்தா இன்னும் நல்லது.

1. ஆட்டம் தெரியாதவங்களுக்கு

இரண்டு பேர் ஆடும் ஆட்டம் இது. ஒருத்தருக்கு 3 புலி, இன்னொருத்தருக்கு 15 ஆடு. செஸ் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே படை கிடையாது. புலி கொஞ்சம், ஆனா பலம். ஆடு நிறைய, ஆனா ஒண்ணொண்ணும் தனியா இருந்தா செத்தது.

புலிகள் முதலில் பலகையில் உட்காரும். எங்க வீட்டுல உச்சியில் ஒண்ணு, அதுக்கு அடுத்த கோட்டில் நடுவில் இரண்டு. ஆடு வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு ஆட்டைக் காலியான புள்ளியில் வைப்பார். அதற்குப் பதிலாகப் புலிக்காரர் ஏதாவது ஒரு புலியை நகர்த்துவார். 15 ஆடும் இறங்கி முடியும் வரை எந்த ஆடும் நகரக்கூடாது. அதற்குப் பிறகு ஆடும் கோடு வழியே ஒரு புள்ளி நகரலாம்.

புலியும் ஒரு புள்ளிதான் நகரும். ஆனால் பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, அதே நேர்க்கோட்டில் ஆட்டுக்கு அந்தப் பக்கம் இடம் காலியாக இருந்தால், புலி தாண்டி ஆட்டை வெட்டலாம். மூன்று புலியும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்காரர் வெற்றி. புலி ஜெயிக்க எத்தனை ஆடு வெட்டணும் என்பது ஊருக்கு ஊர் மாறும். எங்க வீட்டுக் கணக்கு 6. உங்க வீட்டில் வேறயாக இருந்தால், ஆட்டம் தொடங்கும் முன்னாடியே பேசி முடிச்சுக்குங்க. நடுவில் பேசினால் சண்டைதான்.

2. கட்டத்தை நீங்களே வரைஞ்சு பாருங்க

இது ரொம்ப முக்கியம். வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது கையால வரையணும்.

- பேப்பரின் மேல் பக்கம் நடுவில் ஒரு புள்ளி வையுங்க. அதுதான் உச்சி.
- உச்சியிலிருந்து கீழ் நோக்கி, விசிறி விரிச்ச மாதிரி நான்கு கோடுகள் இழுங்க.
- நான்கு கோட்டின் அடிமுனைகளையும் சேர்த்து ஒரு படுக்கைக் கோடு. இது அடிக்கோடு.
- உச்சிக்கும் அடிக்கோட்டுக்கும் இடையில் மூன்று படுக்கைக் கோடுகள். இவை மூன்றும் முக்கோணத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் நீண்டு போகணும்.
- அந்த மூன்று கோடுகளின் இடது முனைகளைச் சேர்த்து ஒரு நெட்டுக்கோடு, வலது முனைகளைச் சேர்த்து இன்னொன்று. அப்பத்தா இதைக் "கரை" என்பார்கள். சேலைக்குக் கரை இருக்குற மாதிரி.

இப்போ எண்ணுங்க. உச்சியில் 1 புள்ளி. மூன்று படுக்கைக் கோட்டிலும் ஆளுக்கு 6 புள்ளி, ஆக 18. அடிக்கோட்டில் 4. மொத்தம் 23 புள்ளிகள்.

டிஸ்க்ரீட் மேத்ஸ் படிச்சவங்களுக்கு இது ஒரு கிராஃப். புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையிலுள்ள இணைப்புகளையும் எண்ணலாம். நான்கு சாய்வுக் கோடுகளில் தலா 4, அதாவது 16. மூன்று படுக்கைக் கோட்டில் தலா 5, அதாவது 15. அடிக்கோட்டில் 3. இரண்டு கரையிலும் தலா 2, அதாவது 4. மொத்தம் 38.

23, 38. இந்த இரண்டு எண்ணையும் மனசுல வச்சுக்குங்க. கடையில நிற்கும்போது வேற எதுவும் ஞாபகம் இல்லாட்டியும் இது போதும்.

3. ஆடு ஒளியும் ஏழு இடங்கள்

அடுத்த கேள்வி: எந்தப் புள்ளியில் இருக்கும் ஆட்டைப் புலியால் எப்பவுமே வெட்ட முடியாது?

புலி நேர்க்கோட்டில் தாண்டுது. அப்படின்னா ஒரு ஆட்டை வெட்ட, அதற்கு இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் புள்ளி இருக்கணும். ஆடு எல்லாக் கோட்டுக்கும் முனையில் நின்றால், தாண்டிப் போக இடமே இல்லை. அந்த மாதிரிப் புள்ளிகள் எவை?

உச்சி ஒன்று. நான்கு கோடும் அங்கேதான் முடியுது. கரைகளின் மேல், கீழ் முனைகள் நான்கு. அடிக்கோட்டின் இரண்டு முனைகள். மொத்தம் ஏழு. மற்ற 16 புள்ளியிலும் ஆட்டுக்கு ஆபத்து இருக்கு. கரையின் நடுப்புள்ளியில்கூட மேலிருந்து கீழே தாண்டி வெட்டலாம்.

புலியின் பக்கமிருந்தும் பாருங்க. கரையின் மேல் முனையில் ஒரு புலி உட்கார்ந்தால் அதை அடைக்க எத்தனை காய் வேணும்? பக்கவாட்டில் ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் ஒரு புள்ளி. கீழ் நோக்கி ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் ஒரு புள்ளி. ஆக 4. உச்சியில் உட்கார்ந்த புலியை அடைக்கணும்னா முதல் வரிசையில் 4, இரண்டாவது வரிசையில் 4, ஆக 8 புள்ளி நிறையணும். அதனால்தான் பழைய ஆட்டக்காரங்க உச்சியை விட்டு லேசில் புலியை இறக்க மாட்டாங்க.

ஒவ்வொரு கோடும் ஆட்டத்தின் ஒரு விதி, பார்த்தீங்களா? செஸ்ஸில் விதிகள் காய்க்குள் இருக்கு: குதிரை எப்படிப் போகும், மந்திரி எப்படிப் போகும்னு. இங்கே விதி பாதிக்கு மேல் பலகையில்தான் இருக்கு. கோடு ஒண்ணு போனால் விதி ஒண்ணு போச்சு.

4. எங்க வீட்டுத் திண்ணையில் நடந்தது

இப்போ கதைக்கு வர்றேன்.

எங்க ஊர் மேலூர் பக்கம். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் இறங்கி கொஞ்ச தூரம் நடக்கணும். அப்பத்தா சின்ன வயசுல ஆடு மேய்ச்சவங்க. கண்மாய்க் கரையில ஒரு பாறை மேல அடுப்புக்கரியில கட்டம் போட்டு, அவங்க அண்ணன்கூட ஆடித்தான் கத்துக்கிட்டாங்களாம். எனக்கும் அவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க.

கொஞ்ச வருஷமா அவங்களுக்கு நடுப்பார்வை மங்கிக்கிட்டே வருது. விழித்திரையில பிரச்சினை. எதிர்ல ஆள் நிக்கிறது தெரியும், முகம் தெரியாது. கட்டில் தெரியும், கட்டில் மேல வச்ச வெற்றிலைப் பொட்டி தெரியாது. இருக்கிற பார்வையைக் காப்பாத்திக்கலாம், போனது வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. டிவி போச்சு. பூக்கட்டுறது மட்டும் விரல் பழக்கத்துல நடக்குது. ஆடுபுலி ஆட்டமும் நின்னு போச்சு. அதை மறுபடியும் ஆட வைக்கணும்னுதான் அந்தப் பலகையை வாங்கினேன்.

திண்ணையில வச்சதும் அப்பத்தா இரண்டு கையாலயும் தடவிப் பார்த்தாங்க.

"நல்லா வழுவழுன்னு இருக்குப்பா. கோடு எங்கிட்டு ஓடுது?"

கோடு அரை மில்லிமீட்டர்கூட ஆழம் இல்லை. விரல் பிடிச்சு உச்சியிலிருந்து காட்டினேன். நகத்தால கீறிக்கிட்டே வந்தாங்க. முதல் படுக்கைக் கோட்டுல இடது பக்கம் போய் முனையில நின்னாங்க. அங்கிருந்து கீழே விரலை இழுத்தாங்க. வழுவழுன்னு வெறும் மரம்.

"கரை எங்கப்பா?"

அப்போதான் பார்த்தேன். இரண்டு கரைக் கோடும் இல்லை. வடிவமைச்சவர் அதை வெறும் பார்டர்னு நினைச்சு, படம் சுத்தமா இருக்கட்டும்னு எடுத்திருக்கணும். பார்க்க நிஜமாவே இன்னும் அழகாத்தான் இருந்தது.

"வேற ஊர்ல இப்படி ஆடுவாங்களோ என்னமோ அப்பத்தா."

"யாரு ஆடுவாய்ங்க? கரை இல்லேன்னா ஆடு போயி மூலையில ஒளிஞ்சுக்கிரும். புலி பட்டினி கெடக்கும்."

சரி, பரவாயில்லைன்னு ஆரம்பிச்சோம். ஆறாவது ஆடு வச்சப்போ அவங்க என் புலியை எடுத்துத் தன் ஆடுன்னு நகர்த்தினாங்க. இரண்டும் ஒரே உயரம், ஒரே வட்ட அடிப்பாகம், ஒரே எடை. முகத்துல செதுக்கின மீசைதான் வித்தியாசம். மேல் வரிசையில காயை வச்சா பக்கத்துக் காய் இடிச்சு விழுந்தது. இரண்டு தடவை விழுந்த பிறகு அப்பத்தா கையை எடுத்துக்கிட்டாங்க.

"நல்லாத்தேன் இருக்கு ராசா. அலமாரில வையி, வர்றவுக பாக்கட்டும்."

திட்டியிருந்தாக்கூட பரவாயில்லை. இது ரொம்ப வலிச்சது.

5. அப்பத்தா சொன்னது கணக்குப்படி சரியா?

அன்னிக்கு ராத்திரி பேப்பர் எடுத்து உட்கார்ந்தேன். கரை இல்லாத பலகையில் இணைப்பு 34. கரையின் நடுப்புள்ளிகள் இரண்டும் இப்போ வெறும் முனை. அதாவது ஆடு ஒளிய 7 இடம் இருந்தது 9 ஆகிடுச்சு. அந்த ஆறு பக்கமுனைகளுக்கும் ஒரே ஒரு வழிதான். அங்கே ஒரு புலி தெரியாமல் நுழைஞ்சா, அடைக்க 4 காய் வேண்டாம், 2 போதும்.

ஆட்டுக்கு இரட்டை லாபம், புலிக்கு இரட்டை நஷ்டம். "ஆடு ஒளிஞ்சுக்கிரும், புலி பட்டினி கெடக்கும்." பள்ளிக்கூடம் போகாத அப்பத்தா கிராஃப் தியரி ரிசல்ட்டை ஒரே வரியில சொல்லிட்டாங்க.

காய் இடிச்சதுக்கும் காரணம் வடிவியல்தான். அந்தப் பலகையில் அடிக்கோட்டுப் புள்ளிகளுக்கு நடுவே 8 செ.மீ. இடைவெளி. உச்சியிலிருந்து அடிவரைக்கும் உயரத்தைச் சமமா நாலாப் பிரிச்சு கோடு போட்டிருந்தாங்க. ஒத்த முக்கோணங்கள் பாடம் ஞாபகம் இருக்கா? கால்வாசி உயரத்தில் இடைவெளியும் கால்வாசிதான்: 2 செ.மீ. காயின் அடிப்பாகம் 2.2 செ.மீ. பக்கத்துப் பக்கத்துல இரண்டு காய் நிற்கவே வழியில்லை. வாங்கும்போது காயைப் பலகையின் கீழ்ப்பக்கம் வச்சுப் பார்த்தேனே தவிர, மேல் வரிசையில் நாலையும் சேர்த்து வைக்கணும்னு தோணவே இல்லை.

6. செஸ் இதை எப்படித் தீர்த்தது?

2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது, 2024-ல் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். அதுக்கப்புறம் நம்ம ஊர்ல செஸ் செட் இல்லாத வீடு குறைஞ்சுக்கிட்டே வருது. எந்தக் கடையில வாங்கினாலும் 64 கட்டம் இருக்கான்னு யாரும் எண்ணுறதில்லை. காரணம், அங்கே ஒரு தரம் நிலைச்சிடுச்சு.

ஆனா அதுவும் சும்மா வரல. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் செஸ் காய்கள் பல விதமா இருந்தன. உயரமா, மெல்லிசா, அடுக்கடுக்கா கடைசல் போட்டு, எது மந்திரி எது ராணின்னு சட்டுனு தெரியாத மாதிரி. 1849-ல் லண்டனில் ஜாக்ஸ் நிறுவனம் ஒரு புது வடிவத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர் ஹோவர்ட் ஸ்டான்டன் பேர் அதுக்கு வச்சாங்க. அகலமான கனத்த அடிப்பாகம், ஒவ்வொரு காய்க்கும் தலையில் தெளிவான ஒரு அடையாளம்: ராஜாவுக்குச் சிலுவை, குதிரைக்குக் குதிரைத் தலை. இன்னிக்கு வரைக்கும் போட்டிகளில் அந்த வடிவம்தான். சர்வதேச சம்மேளனமான ஃபிடே, ராஜாவின் உயரம் சுமார் 9.5 செ.மீ., கட்டத்தின் பக்கம் 5 முதல் 6 செ.மீ. என்று அளவுகூடச் சொல்லியிருக்கு.

ஸ்டான்டன் செட்டை எல்லாரும் அழகுன்னுதான் சொல்றாங்க. ஆனா அது நின்னதுக்குக் காரணம், எதிரே உட்கார்ந்தவருக்கு ஒரு பார்வையில் எல்லாம் புரியுது, கை பட்டால் விழாது. அழகு தனியா மேல பூசினது இல்லை.

நேபாளத்தில் நம்ம ஆட்டத்துக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கான்: பாக்சால். 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. காத்மாண்டு போறவங்க பித்தளைப் புலியும் ஆடுமா அந்த செட்டை வாங்கிட்டு வருவாங்க. அதைக் கணினியில் முழுசா அலசி, இரண்டு பக்கமும் தப்பே இல்லாமல் ஆடினால் டிரா என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்காங்க. நம்ம 23 புள்ளியில் 3 புலியையும் 15 ஆட்டையும் வைக்க 2 கோடியே 74 லட்சம் சொச்சம் வழிகள்தான். ஆட்டின் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் எல்லாம் சேர்த்து 186 கோடிக்குள் அடங்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்களே, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறீங்கன்னா பாருங்க. ஆனா முதல்ல கரைக்கோட்டைச் சேர்த்துக்குங்க!

7. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

*கோடு.* 23 புள்ளி, 38 இணைப்பு. கடையில் நின்னு விரல் வச்சு எண்ணுங்க, வெட்கப்படாதீங்க. ஊருக்கு ஊர் கட்டம் மாறும், அதனால 23 இல்லாட்டி தப்புன்னு நான் சொல்ல வரல. ஆனா மாறியிருந்தா, அதற்கு ஏத்த விதித்தாள் பெட்டிக்குள் இருக்கணும். அதைவிட முக்கியம், அதில் ஆடப்போறவங்க பழகின கட்டம் எதுன்னு முன்னாடியே கேட்டுக்கணும். நான் கேட்காம போனதுதான் முதல் தப்பு.

*மேல் வரிசை இடைவெளி.* பலகையிலேயே நெருக்கமான இடம் உச்சிக்குக் கீழே உள்ள முதல் வரிசை. அங்கே நான்கு காயையும் பக்கத்துப் பக்கத்தில் வச்சுப் பாருங்க. நடுவில் இருக்கிற காயை இரண்டு விரலால் எடுக்கும்போது மற்றது ஆடக்கூடாது. காயின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்காவது இடைவெளி இருந்தா நிம்மதி. வடிவமைக்கிறவங்க முதல் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினாலே போதும். ஆட்டம் மாறாது, கை மட்டும் தாராளமாப் போகும்.

*காய்.* கண்ணை மூடிக்கிட்டு பைக்குள் கை விட்டு ஒரு புலியை எடுங்க. எடுக்க முடிஞ்சா நல்ல செட். உயரமோ, எடையோ, அடிப்பாகத்தின் வடிவமோ ஏதாவது ஒண்ணு மாறியிருக்கணும். நிறம் மட்டும் மாறியிருந்தால் போதாது. சிவப்பும் பச்சையும் பிரிச்சுப் பார்க்க முடியாதவங்க உங்க வகுப்பிலேயே இருக்கலாம். ஆடு 15 தவிர ஒன்றிரண்டு கூடுதலா இருந்தா நல்லது. தொலையறது எப்பவும் ஆடுதான்.

*பொருள்.* மரம் கனமா, நிலையா இருக்கும். ஆனா மெல்லிய பலகை வெயில், மழை மாறி மாறிப் பட்டா வளையும். வாங்கும்போது ஒரு சமமான மேசையில் வச்சு நாலு மூலையையும் அழுத்திப் பாருங்க. மடக்கும் பலகையில், மடிப்பு ஏதாவது புள்ளி மேல வருதான்னு பார்க்கணும். வந்தா காய் அங்கே சாயும். துணி லேசு, சுருட்டிப் பையில் போடலாம், பஸ் பயணத்துக்கு ஏற்றது. ஆனா அச்சடிச்ச கோடு துவைக்கத் துவைக்க மங்கும். தைச்ச கோடு அவ்வளவு சீக்கிரம் போகாது. அட்டை விலை குறைவு, குழந்தைகள் கத்துக்கப் போதும்.

*பின்னணி.* கோடும் அடித்தளமும் நல்லா வேறுபடணும். கருப்பு மரத்தில் கருப்புக் கோடு போட்டோவுக்கு நல்லா இருக்கும், சாயங்காலத் திண்ணைக்கு உதவாது.

*காசில்லாத பதிப்பு.* தமிழ்நாட்டில் பல கோயில் மண்டபத் தரைகளிலும், சாவடிக் கல்லிலும், பாறைகளிலும் இந்தக் கட்டம் செதுக்கியிருக்கிறதைப் பார்க்கலாம். எத்தனையோ தலைமுறை உட்கார்ந்து தேய்ச்ச பதிப்பு அது. பார்த்து அளவெடுத்துக்குங்க. புதுசா நீங்க ஒண்ணு கிறுக்கிடாதீங்க. நேரம் இருந்தா மதுரையிலிருந்து பக்கத்திலேயே இருக்கிற கீழடிக்கும் போய்ட்டு வாங்க. 2023-ல் அங்கே அருங்காட்சியகம் திறந்தாச்சு. வைகைக் கரையில் வாழ்ந்தவங்க ஆடிய பகடை, சுடுமண் ஆட்டக்காய்களெல்லாம் அகழாய்வில் கிடைச்சிருக்கு. அவங்க என்ன ஆட்டம் ஆடினாங்கங்கிறதை அந்தக் காய்கள் சொல்லாது. ஆனா கைக்கு அடக்கமா, பிடிக்க வசதியா செஞ்சிருக்காங்கங்கிறது பார்த்தாலே தெரியும்.

8. இரண்டாவது பலகை

லீவு முடியறதுக்குள்ள இன்னொன்று செய்யணும்னு முடிவு பண்ணினேன். முதல் யோசனை சுங்குடி. மதுரைக்குன்னு புவிசார் குறியீடு வாங்கின துணி, அப்பத்தாவுக்கும் பிடிக்கும். அம்மாவோட பழைய சுங்குடிச் சேலையை விரிச்சு சாக்பீஸ்ல கட்டம் போட்டேன். பிரமாதமா இருந்தது. ஒரே ஒரு பிரச்சினை: சேலை முழுக்க ஆயிரக்கணக்கான புள்ளி. அதுல என்னோட 23 புள்ளி எதுன்னு எனக்கே தெரியல! மறுபடியும் அழகு என்னை ஏமாத்திடுச்சு.

அப்புறம் வெள்ளைக் காடாத்துணி அரை மீட்டர் வாங்கினேன். புதுமண்டபத்தில் தலைமுறையா இருந்த கடைகள் இப்போ குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கு இல்லையா, அங்கே ஒரு தையல்காரரிடம் வரைபடத்தோட போனேன். இதுதான் நான் கொடுத்த அளவு:

- உச்சியிலிருந்து அடிக்கோடு வரை 40 செ.மீ.
- படுக்கைக் கோடுகள் உச்சியிலிருந்து 16, 24, 32 செ.மீ. தூரத்தில்.
- அடிக்கோட்டில் புள்ளிகளுக்கு இடையே 12 செ.மீ. அதனால் முதல் வரிசையில் 4.8 செ.மீ. கிடைக்கும்.
- நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 20 செ.மீ. தள்ளி கரைக்கோடுகள்.
- கோடு எல்லாம் கருப்புக் கயிறு வச்சுத் தைக்கணும், விரலுக்குத் தட்டுப்படணும்.
- ஒவ்வொரு புள்ளியிலும் அதே கயிற்றில் ஒரு சின்ன வளையம்.

வளையம் எதுக்குன்னு அவர் கேட்டார். புள்ளியில் பட்டன் தைச்சா காய் அதன் மேல் ஆடும், வளையமா இருந்தா காய் உள்ளே உட்காரும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்துட்டு, "தம்பி, ஆடுபுலி ஆட்டம்னு சொல்லியிருந்தா போதுமே, இத்தனை பேப்பர் எதுக்கு?"ன்னு சிரிச்சார். கரைக்கோட்டை மட்டும் இரட்டைக் கயிறா போடட்டுமான்னு அவரே கேட்டார். போடச் சொன்னேன். துணி, கயிறு, கூலி எல்லாம் சேர்த்து 380 ரூபாய்.

காய்க்கு நாட்டு மருந்துக் கடையில் மூணு கழற்சிக்காய் வாங்கினேன். உருண்டையா, கல்லு மாதிரி கெட்டியா இருக்கும். அது புலி. ஆட்டுக்குச் சோழி 17, இரண்டு உபரி. ஒண்ணு உருண்டை, ஒண்ணு அடியில் பல்லுப் பல்லா பிளந்தது. தொட்ட உடனே எது எதுன்னு தெரியும். உருண்டைக் காய் ஓடிடுமோன்னு பயந்தேன். வளையம் பிடிச்சு நிறுத்திடுச்சு.

மறுபடியும் திண்ணை. அப்பத்தா உச்சியிலிருந்து தடவ ஆரம்பிச்சாங்க. நான் விரலைப் பிடிக்கல. முதல் கோட்டில் இடது பக்கம் போய், முனையில் திரும்பி, இரட்டைக் கயிறு மேல கீழே இறங்கினாங்க. அங்கே விரல் கொஞ்சம் நின்னது.

"கரை போட்டிருக்காய்ங்க."

அவ்வளவுதான் சொன்னாங்க. அப்புறம் "புலி எனக்கு"ன்னு கழற்சிக்காய் மூணையும் தன் பக்கம் இழுத்துக்கிட்டாங்க.

முதல் ஆட்டத்தில் பன்னிரண்டாவது ஆடு வைக்கிறதுக்குள்ள ஆறு ஆட்டை வெட்டி முடிச்சாங்க. இரண்டாவது ஆட்டத்தில் நான் கரை முனைகளில் நாலு ஆட்டைப் பத்திரமா வச்சேன், பிரிவு 3 படிச்ச தைரியத்தில. அதிலும் தோத்தேன். ஒளிஞ்ச ஆடு சாகாதுதான், ஆனா ஒளிஞ்சே இருந்தா புலியை அடைக்க ஆள் எங்கே? அதை எந்தக் கணக்கும் எனக்கு முன்னாடி சொல்லல.

நடுவில் ஒரு தடவை அவங்க விரல் வழுக்கி ஒரு சோழி அடுத்த வளையத்துக்குப் போயிடுச்சு. அவங்களே கண்டுபிடிச்சு எடுத்து வச்சாங்க. அதைப் பார்த்தப்போதான் எனக்கு நிம்மதி. தப்பு நடந்தாக்கூட யாரையும் கேட்காமல் திருத்திக்க முடியுது.

இப்போ பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க ஸ்கூல் விட்டதும் எங்க திண்ணைக்கு வருதாம். 1,450 ரூபாய்ப் பலகை இன்னும் அலமாரியில்தான் இருக்கு. ஒரு ஊசியை வச்சு அதில் கரைக்கோட்டைக் கீறலாமான்னு பார்த்தேன். பாலிஷ் போயிடும்னு அப்பா வேண்டாம்னுட்டார். இருக்கட்டும், வர்றவுக பாக்கட்டும்.

நண்பர்களே, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது உங்க வீட்டுப் பெரியவங்களிடம் ஒரு பேப்பரைக் கொடுத்து ஆடுபுலிக் கட்டம் போடச் சொல்லுங்க. எத்தனை புள்ளி, எத்தனை கோடு, புலி எத்தனை ஆடு வெட்டினா ஜெயிப்புன்னு கேட்டு எழுதி அனுப்புங்க. மேலூர்க் கட்டமும் உசிலம்பட்டிக் கட்டமும் திருமங்கலத்துக் கட்டமும் ஒண்ணுதானான்னு அடுத்த இதழில் சேர்த்து வச்சுப் பார்ப்போம். பலகை வாங்குறதை அதுக்கப்புறம் வச்சுக்கலாம்.